செல்ஃப் டைமர்: படம் எடுத்தவர் படத்துக்குள் வந்த வரலாறு

கேமராவின் பொத்தானை அழுத்தியதும் ஷட்டர் உடனே திறக்காமல், சில நொடிகள் கழித்துத் தானாகவே திறக்கும்படி செய்யும் அமைப்பு செல்ஃப் டைமர் எனப்படும். பொத்தானை அழுத்தியவர் கேமராவுக்கு முன்னால் சென்று மற்றவர்களோடு நின்றுகொள்ள இந்தத் தாமதம் உதவுகிறது. பழைய கேமராக்களில் இது பெரும்பாலும் பத்து நொடியை ஒட்டி இருந்தது. இன்றைய கைப்பேசிகளில் மூன்று நொடி, பத்து நொடி என்று தேவைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம்.

பார்ப்பதற்கு இது ஒரு சிறு வசதிதான். ஆனால், புகைப்படக் கலையில் நெடுங்காலமாக இருந்துவந்த ஒரு குறையோடு இதற்குத் தொடர்பு உண்டு. படம் எடுப்பவர் அந்தப் படத்தில் இருக்க மாட்டார் என்பதே அந்தக் குறை. குடும்ப ஆல்பமானாலும் உலக வரலாற்றின் பெரிய நிகழ்வானாலும், கேமராவைப் பிடித்திருந்தவர் சான்றிலிருந்து விடுபட்டுப் போகிறார். அந்தக் குறை எப்போது தோன்றியது, அதை மனிதர்கள் எப்படியெல்லாம் தீர்க்க முயன்றனர், எங்கெல்லாம் தீராமல் போனது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒளி மெதுவாக வேலை செய்த காலம்

புகைப்படம் தோன்றிய காலத்தில் இந்தக் குறையே இல்லை. காரணம், அப்போது ஒரு படம் பதிவாக நெடுநேரம் பிடித்தது. பிரான்ஸ் நாட்டின் நிசெஃபோர் நியெப்ஸ் 1820களின் பிற்பகுதியில் தம் வீட்டு மேல்மாடிச் சன்னலிலிருந்து எடுத்த படமே இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கேமராப் படமாகக் கருதப்படுகிறது. அதற்குப் பல மணி நேரம் ஒளி பட வேண்டியிருந்தது.

அவருக்குப் பின் லூயி தாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதிக்கும் முறையை உருவாக்கினார். அவர் 1838இல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை எடுத்த படம் புகழ்பெற்றது. பகல் வேளையில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தெரியும். உண்மையில் வண்டிகளும் மனிதர்களும் போய்க்கொண்டுதான் இருந்தனர். நகர்ந்துகொண்டே இருந்ததால் அவர்கள் எவரும் தகட்டில் பதியவில்லை. காலணிக்கு மெருகு போடுவதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் பதிந்தது. அசைபவர் மறைவார், அசையாதவர் பதிவார் என்பது அக்காலக் கேமராவின் விதி.

இந்த விதியே தன்னைத்தானே படம் எடுக்க விரும்பியவர்களுக்கு உதவியது. தாகேரின் முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் வெளியிடப்பட்டது. சில வாரங்களில் செய்தி அமெரிக்காவை எட்டியது. ஃபிலடெல்ஃபியா நகரில் விளக்குத் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் கார்னீலியஸ் என்ற முப்பது வயது இளைஞர் அதே ஆண்டின் இறுதி மாதங்களில் தம் குடும்பக் கடையின் பின்புறம் கேமராவை நிறுத்தினார். லென்ஸின் மூடியை எடுத்துவிட்டு ஓடிப்போய் அமர்ந்தார். அசையாமல் இருந்து, பிறகு எழுந்து வந்து மூடியை மாட்டினார். அவர் ஓடிவந்த சில நொடிகளின் சுவடு படத்தில் இல்லை. அமர்ந்திருந்த நேரம் மட்டுமே பதிந்தது. கலைந்த முடியும், நடுவிலிருந்து சற்று விலகிய முகமுமாக உள்ள அந்தப் படம் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய தற்படங்களில் அது ஒன்று.

மறு ஆண்டு, 1840இல், பிரான்ஸின் இப்போலித் பயார் வேறொரு நோக்கத்துக்காகத் தம்மைத் தாமே படம் எடுத்தார். அவரும் காகிதத்தில் படம் பதிக்கும் ஒரு முறையைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். ஆனால் புகழும் அரசின் ஆதரவும் தாகேருக்கே போயின. மனம் நொந்த பயார், நீரில் மூழ்கி இறந்தவர்போல் கண்களை மூடிச் சாய்ந்திருந்து ஒரு படம் எடுத்தார். தாம் புறக்கணிக்கப்பட்ட கதையை அதன் பின்புறம் எழுதிவைத்தார். தன்னைத் தானே படம் எடுப்பது ஒரு முறையீடாகவும் இருக்க முடியும் என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

ஆக, தொடக்க காலத்தில் செல்ஃப் டைமர் தேவைப்படவில்லை. ஒளியின் மெதுவான வேலையே அந்த உதவியைச் செய்தது.

வேகம் வந்தபோது தோன்றிய குறை

1871இல் இங்கிலாந்தின் மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டை விவரித்து எழுதினார். பிறர் அதை மேம்படுத்தினர். சில ஆண்டுகளில், நொடியின் ஒரு சிறு பகுதி நேரத்திலேயே படம் பதிவாகும் நிலை வந்தது. லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மாட்டுவது இனிப் போதாது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூட ஒரு பொறி வேண்டும். அதுவே ஷட்டர்.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமரா வந்தது. படம் எடுப்பது தொழில் தெரிந்தவர்களின் கையிலிருந்து வீட்டாரின் கைக்கு மாறியது. குழந்தை சிரிக்கும் கணத்தையும் அலை மோதும் கணத்தையும் பிடிக்க முடிந்தது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. ஷட்டர் திறக்கும் அதே கணத்தில் ஒருவரின் விரல் கேமராவின் மேல் இருந்தாக வேண்டும். விரல் கேமராவின் பின்னால் இருந்தால் முகம் கேமராவின் முன்னால் இருக்க முடியாது. கார்னீலியஸ் ஓடிப்போய் அமர்ந்ததைப்போல இனி யாரும் அமர முடியாது. குடும்பத்தில் யார் கேமராவை வாங்கினாரோ அவரே குடும்பப் படங்களிலிருந்து காணாமல் போனார்.

கண்ணாடி, ரப்பர்க் குமிழ், கயிறு

இக்குறையைத் தீர்க்க மக்கள் முதலில் கையில் கிடைத்ததைக் கொண்டே வழி தேடினர். மிக எளிய வழி நிலைக்கண்ணாடி. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸின் இளைய மகள் அனஸ்தாசியா 1914இல், தம் பதின்மூன்றாம் வயதில், கண்ணாடியின் முன் பெட்டிக் கேமராவைப் பிடித்துத் தம்மைத் தாமே படம் எடுத்தார். கைகள் நடுங்கியதால் எடுப்பது கடினமாக இருந்தது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். கண்ணாடி வழியில் ஒரு குறை உண்டு. முகத்தோடு கேமராவும் படத்தில் விழுந்துவிடும்.

இரண்டாவது வழி ரப்பர்க் குமிழ். ஒரு நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனை ஷட்டரில் பொருந்தியிருக்கும். மறுமுனையில் ஒரு குமிழ் இருக்கும். குமிழை அழுத்தினால் காற்று குழாய் வழியே சென்று ஒரு சிறு உந்துதண்டைத் தள்ளும், ஷட்டர் திறக்கும். குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டரைத் திறந்தே வைக்கவும் முடிந்தது. இன்றும் கேமராக்களில் ஷட்டர் வேக எண்களோடு 'பி' என்று ஒரு எழுத்து இருப்பதைக் காணலாம். அது 'பல்ப்' என்ற சொல்லின் முதல் எழுத்து. அந்த ரப்பர்க் குமிழின் நினைவு. பின்னர், சைக்கிள் பிரேக்கில் உள்ளதைப்போல உறைக்குள் ஓடும் கம்பி அந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. அதைக் 'கேபிள் ரிலீஸ்' என்றனர்.

மூன்றாவது வழி வெறும் கயிறு. கயிற்றால் எடுக்கப்பட்ட படங்களில் உலகம் மறக்க முடியாத படம் ஒன்று உண்டு.

1912 ஜனவரி 17 அன்று ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் நால்வரும் தென்துருவத்தை அடைந்தனர். நார்வே நாட்டின் ரோல்ட் அமுன்சென் 1911 டிசம்பர் 14 அன்றே அங்கு வந்து சென்றுவிட்டார் என்பது அப்போது அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்தது. அமுன்சென் விட்டுச்சென்ற கூடாரமும் அங்கே இருந்தது. தோல்வியோடும் களைப்போடும் அவர்கள் ஐவரும் தங்கள் நாட்டுக் கொடியுடன் ஒரு படம் எடுத்துக்கொண்டனர். ஸ்காட், வில்சன், ஓட்ஸ், எட்கர் எவன்ஸ் ஆகியோருடன் படம் எடுத்த ஹென்றி பவர்ஸும் அதில் இருக்கிறார். அமர்ந்திருந்தபடியே, கேமராவில் கட்டிய ஒரு கயிற்றை இழுத்து அவர் ஷட்டரை இயக்கினார். பயணக் குழுவின் புகைப்படக்காரரான ஹெர்பர்ட் பான்டிங் துருவத்துக்கு வரவில்லை. அவரிடம் படம் எடுக்கப் பயின்றவர்களில் பவர்ஸும் ஒருவர்.

திரும்பும் வழியில் ஐவரும் இறந்தனர். 1912 நவம்பர் 12 அன்று தேடிச் சென்ற குழுவினர் ஒரு கூடாரத்தில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் ஆகிய மூவரின் உடல்களைக் கண்டனர். அவர்களின் நாட்குறிப்புகளோடு, கழுவப்படாத படச்சுருளும் கிடைத்தது. அதிலிருந்து வந்ததே அந்தப் படம். அந்தக் கயிறு இல்லாதிருந்தால் துருவத்தில் நால்வர் நிற்கும் படம் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும். அதே குளிரையும் பசியையும் தாங்கி நடந்த ஐந்தாமவர், படத்தின் கீழ் அச்சிடும் ஒரு பெயராக மட்டும் எஞ்சியிருப்பார்.

கேமராவுக்குள் வந்த கடிகாரம்

கயிறும் குமிழும் கையில் இருந்தாக வேண்டும், படத்திலும் தெரியக்கூடும். கையைத் தொடாமலே ஷட்டர் இயங்க வேண்டுமானால் பொறிக்கு நேரம் எண்ணத் தெரிய வேண்டும். நேரம் எண்ணும் பொறி மனிதரிடம் ஏற்கெனவே இருந்தது. அதுதான் கடிகாரம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கேபிள் ரிலீஸின் முனையில் மாட்டக்கூடிய சிறு பொறிகள் தனியாக விற்பனைக்கு வந்தன. கோடக் நிறுவனம் ஒன்றை விற்றது. ஜெர்மனியில் 'ஆட்டோக்னிப்ஸ்' என்ற பெயரில் ஒன்று பரவலாக விற்றது. விசையை முறுக்கி மாட்டிவிட்டால், சில நொடிகளில் ஒரு சிறு தண்டு முன்னால் வந்து கேபிளை அழுத்தும். விரலுக்குப் பதிலாக ஒரு பொறிவிரல்!

அடுத்த கட்டமாக இந்தப் பொறி கேமராவுக்குள்ளேயே குடியேறியது. மியூனிக் நகரில் ஃப்ரீட்ரிக் டெக்கலின் தொழிற்சாலை செய்த கம்பூர் ஷட்டர்கள் பல ஜெர்மன் கேமராக்களில் பொருத்தப்பட்டன. அவற்றின் பிற்கால வகைகளில் எம், எக்ஸ், வி என்று மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு சிறு நெம்புகோல் உண்டு. எம், எக்ஸ் இரண்டும் ஃபிளாஷ் விளக்குக்கானவை. 'வி' என்பது செல்ஃப் டைமர். முன்னோட்டப் பொறி என்று பொருள்படும் 'ஃபோர்லாஃப்வெர்க்' என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. 1936இல் வந்த கான்டாக்ஸ் 2 கேமராவின் முன்புறத்திலேயே செல்ஃப் டைமர் நெம்புகோல் இருந்தது. அதன் போட்டியாளரான லைக்கா வகைக் கேமராக்களில், 1954இல் மாற்றியமைக்கப்பட்ட 3எஃப் வகையில்தான் அது உள்ளேயே அமைந்தது. அதுவரை லைக்கா வைத்திருந்தவர்கள் தனிக் கருவியை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

உள்ளே நடப்பது என்ன?

பழைய கேமராவின் முன்புறம் உள்ள நெம்புகோலைக் கீழ்நோக்கித் திருப்பும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. விட்டவுடன் அது விரிய முயல்கிறது. அதை அப்படியே விட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்துவிடும். எனவே அதன் விசை அடுத்தடுத்துப் பல்சக்கரங்கள் வழியாகக் கடத்தப்படுகிறது. கடைசிச் சக்கரத்தின் பற்களில் ஒரு சிறு தகடு இருபுறமும் ஆடி ஆடித் தடுக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல் மட்டுமே நகர முடியும். சுவர்க் கடிகாரத்தில் ஊசல் செய்யும் வேலையின் தம்பி என்று இதைச் சொல்லலாம். நாம் கேட்கும் 'கிர்ர்' என்ற ஒலி அந்தத் தகடு வேகமாக ஆடும் ஒலியே. நெம்புகோல் பழைய இடத்துக்கு மெல்லத் திரும்பி, பாதையின் முடிவில் ஷட்டரைப் பிடித்திருக்கும் கொக்கியைத் தட்டிவிடுகிறது. படம் பதிவாகிறது.

பத்து நொடி என்பது ஏன் வழக்கமானது என்பதை நடந்து பார்த்தாலே அறியலாம். ஐந்து மீட்டர் நடக்க நான்கு நொடி. திரும்பி நின்று உடையைச் சரிசெய்ய மூன்று நொடி. மூச்சு விட்டு, கேமராவைப் பார்க்க மூன்று நொடி. அதற்குக் குறைந்தால் ஓடுபவர் ஓட்டத்திலேயே பதிவார். மிகுந்தால் காத்திருப்பவர்களின் சிரிப்பு உறைந்துவிடும்.

பழைய கேமராவை இன்று கையில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகளில் உள்ளே உள்ள எண்ணெய் பிசினாகிப் பல்சக்கரங்கள் இறுகியிருக்கலாம். செல்ஃப் டைமரை இயக்கினால் பாதியில் நின்று ஷட்டரையே பூட்டிவிடக்கூடும். பாதியில் நின்ற நெம்புகோலைக் கையால் தள்ளக் கூடாது. பழுது நீக்குபவரிடம் கொடுப்பதே நல்லது.

எல்லோர் கைக்கும் எட்டாத வசதி

இந்தியாவில் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும் விருப்பம் புகைப்படத்தோடு சேர்ந்தே வந்தது. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ராம்சிங் தம் தற்படங்களை எடுத்தார். திரிபுரா மன்னர் பீர்சந்திர மாணிக்கியா தம் மனைவியோடு எடுத்துக்கொண்ட படம் ஒன்றும் பேசப்படுகிறது. ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தை உம்ராவ் சிங் ஷேர்கில் தம் இளமை முதல் முதுமை வரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம்மையும் தம் குடும்பத்தையும் படம் எடுத்துவந்தார். ஆனால் இவர்கள் எல்லாரும் செல்வமும் ஓய்வும் உடையவர்கள்.

நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைத்தது வேறு. வதோதராவில் தயாரிக்கப்பட்ட ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்களே இங்கே பல வீடுகளில் முதல் கேமரா. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். அதில் செல்ஃப் டைமர் கிடையாது. வெளிநாட்டிலும் விலை குறைந்தவற்றில் இதே நிலைதான். 1976இல் வந்து மாணவர்களின் கேமரா என்று பெயர் பெற்ற பென்டாக்ஸ் கே1000, அதற்கு முன்பு வந்த ஸ்பாட்மேட்டிக் கேமராவில் இருந்த செல்ஃப் டைமரை விலை குறைப்பதற்காக விட்டுவிட்டது. செல்ஃப் டைமர் என்பது சற்றுக் கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கான வசதியாகவே நெடுநாள் இருந்தது.

இதன் விளைவை என் வீட்டு ஆல்பத்திலேயே பார்க்கிறேன். எங்கள் வீட்டில் கேமரா வைத்திருந்தவர் என் அண்ணன். அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பொங்கலன்று வாசலில் எல்லாரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அம்மா, அப்பா, அக்கா, அத்தான், நான், கட்டிவைத்திருந்த கன்றுக்குட்டி உள்பட எல்லாரும் இருக்கிறோம். அண்ணன் இல்லை. வெயில் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலக் கேமராக்களின் விதி. அதனால் அவருடைய நிழல் மட்டும், இரு முழங்கைகளையும் உயர்த்திக் கேமராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்த வடிவில், கோலத்தின் மேல் விழுந்திருக்கிறது. அண்ணன் இப்போது இல்லை. அந்த ஆண்டு அவர் எப்படி இருந்தார் என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நிழலைத்தான் காட்டுகிறேன்.

சிகரத்திலும் நிலவிலும்

பெரிய வரலாற்றிலும் இதே குறையைக் காணலாம். 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். உச்சியில் பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் டென்சிங்கின் படம் உலகப் புகழ் பெற்றது. அதை எடுத்தவர் ஹில்லாரி. ஹில்லாரி உச்சியில் நிற்கும் படம் இல்லை. டென்சிங் முன்பு கேமராவைக் கையாண்டதாகத் தமக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க அது இடமுமில்லை என்ற பொருளில் ஹில்லாரி எழுதினார். ஹில்லாரியைப் படம் எடுப்பதாகத் தாம் சைகை காட்டியதாகவும் அவர் வேண்டாமென்று தலையசைத்ததாகவும் டென்சிங் கூறினார். ஒரே உச்சியில் ஒரே வேளையில் நின்ற இருவரின் நினைவும் வேறுபடுகிறது. படம் இல்லாத இடத்தில் நினைவுகளே சான்றாகின்றன.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 பயணத்தில் நிலவின் மேல் பெரும்பாலான நேரம் கேமராவை வைத்திருந்தவர் நீல் ஆம்ஸ்ட்ராங். அதனால் நிலவில் நிற்பதாக நாம் அடிக்கடி காணும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருப்பவர் பஸ் ஆல்ட்ரின். அவருடைய தலைக்கவசக் கண்ணாடியில் ஆம்ஸ்ட்ராங் சிறு உருவமாகத் தெரிகிறார். நிலவில் முதலில் கால் வைத்தவர் அந்தப் படத்தில் ஒரு பிரதிபலிப்பு மட்டுமே.

நான்கு மாதங்கள் கழித்து, 1969 நவம்பர் 19 அன்று அப்பல்லோ 12இன் பீட் கான்ராடும் ஆலன் பீனும் நிலவில் இறங்கினர். 1967இல் ஆளில்லாமல் அனுப்பப்பட்ட சர்வேயர் 3 என்ற விண்கலம் அவர்கள் இறங்கிய இடத்துக்கு அருகிலேயே இருந்தது. அதன் முன்னால் இருவரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுப்பது என்று அவர்கள் இருவரும் பூமியிலேயே இரகசியமாகத் திட்டமிட்டிருந்தனர். அதற்காக ஹாசல்பிளாட் கேமராவுக்குப் பொருந்தும் ஒரு செல்ஃப் டைமரை யாருக்கும் சொல்லாமல் எடுத்துச் சென்றனர். மூன்றாமவரான ரிச்சர்ட் கார்டன் நிலவைச் சுற்றிவரும் கலத்தில் இருந்தார். அப்படியானால் இந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று பூமியில் உள்ளவர்கள் குழம்ப வேண்டும் என்பதே அந்த விளையாட்டு.

கருவிகள் வைக்கும் பையில் அதைப் போட்டுவைத்தனர். சேகரித்த நிலவுக் கற்களும் அதே பைக்குள் போயின. சர்வேயரின் அருகில் வந்து தேடியபோது தூசும் கற்களும் நிறைந்த பைக்குள் அது கையில் அகப்படவில்லை. தடித்த கையுறைகளோடு நெடுநேரம் துழாவ முடியாது. பூமியில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. இறங்குகலத்துக்குத் திரும்பிக் கற்களைக் கொட்டியபோது அது கிடைத்தது. அப்போது பயனில்லை. அந்தச் செல்ஃப் டைமர் நிலவிலேயே எறியப்பட்டது. நாசாவை விட்டு விலகி ஓவியரான ஆலன் பீன், எடுக்காமல் போன அந்தப் படத்தைப் பின்னாளில் ஓவியமாகத் தீட்டினார்.

இவ்வளவு பெரிய பயணத்தில் இருவர் சேர்ந்து நிற்கும் ஒரு படத்துக்காக அவர்கள் இப்படித் திட்டமிட்டது விளையாட்டுதான். ஆயினும், கூட வந்தவரோடு சேர்ந்து தெரிய வேண்டும் என்ற ஆசை அந்த விளையாட்டுக்குள் இருக்கிறது.

மின்னணுக் காலம்

1970களில் பல்சக்கரங்களின் இடத்தை மின்சுற்றுகள் பிடிக்கத் தொடங்கின. 1976இல் வந்த கேனன் ஏஇ-1 கேமராவில் செல்ஃப் டைமர் மின்னணு முறையில் பத்து நொடியை எண்ணியது. முன்புறம் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கி நேரத்தை அறிவித்தது. 'கிர்ர்' ஒலியைக் கேட்டுக் காத்திருந்தவர்கள் இப்போது விளக்கைப் பார்த்துக் காத்திருந்தனர்.

1983இல் மினோல்டா நிறுவனத்தின் டிஸ்க்-7 கேமரா, முன்புறம் ஒரு சிறு குவி ஆடியோடும் கேமராவை நீட்டிப் பிடிக்க ஒரு கோலோடும் வந்தது. பின்னாளில் வந்த செல்ஃபிக் கோலின் முன்னோடி அது. 2007இல் சோனி நிறுவனம் தன் சிறு கேமராக்களில், எதிரில் இருப்பவர் சிரிக்கும்போது தானே படம் எடுக்கும் வசதியைச் சேர்த்தது. பொறி நொடியை எண்ணுவதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கியது. 2010இல் ஐபோன் 4 முன்புறக் கேமராவோடு வந்தது. 2013இல் 'செல்ஃபி' என்ற சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியினர் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர். கை எட்டும் தூரத்தில் கேமரா இருக்கும்போது செல்ஃப் டைமர் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் 2014இல் ஐபோனின் கேமராச் செயலியில் மூன்று நொடி, பத்து நொடி டைமர் புதிதாகச் சேர்க்கப்பட்டது. கை நீளத்துக்குள் முகம்தான் அடங்கும். இருபது பேர் நிற்கும் வரிசையும் பின்னால் உள்ள கோபுரமும் அடங்க வேண்டுமானால் கேமரா தள்ளித்தான் நிற்க வேண்டும்.

தன்னைப் படம் எடுப்பது தவிர இன்னொரு பயனும் இதற்கு உண்டு. மங்கிய ஒளியில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும்போது, பொத்தானை அழுத்தும் விரலின் அதிர்வே படத்தைக் கலங்கலாக்கும். முக்காலியில் கேமராவை நிறுத்தி இரண்டு நொடி டைமரை இயக்கினால் அதிர்வு அடங்கிய பிறகே ஷட்டர் திறக்கும்.

பழைய படத்தைப் படிப்பது எப்படி?

வரலாறு பயிலும் மாணவர்கள் ஒரு பழைய குழுப்படத்தைப் பார்க்கும்போது, இதில் இருப்பவர்கள் யார் என்பதோடு, எடுத்தவர் எங்கே என்றும் கேட்க வேண்டும். சில அடையாளங்கள் விடை தரலாம்.

கேமராவின் உயரம் ஒன்று. ஆள் எடுத்த படம் பெரும்பாலும் கண் அல்லது மார்பு உயரத்தில் இருக்கும். திண்ணையிலோ முக்காலிப் பலகையிலோ வைத்த கேமரா தாழ்ந்தும் சற்றுச் சாய்ந்தும் பார்க்கும்.

வரிசையின் ஓரம் இன்னொன்று. செல்ஃப் டைமரை இயக்கியவர் பெரும்பாலும் கேமராவிலிருந்து எளிதில் ஓடிச்சேரும் ஓரத்தில் இருப்பார். அவருக்காக விட்ட இடைவெளி தெரியலாம். உடல் முழுதும் திரும்பாமலோ, வேட்டி நுனி அசைந்து கலங்கியோ இருக்கலாம்.

தரையில் விழும் நிழல் மூன்றாவது. ஆளின் நிழல் விழுந்தால் கேமராவின் பின்னால் ஒருவர் நின்றிருக்கிறார். முக்காலியின் நிழல் மட்டும் விழுந்தால் எடுத்தவர் படத்துக்குள் இருக்கக்கூடும். மறைத்த கைக்குள் குமிழோ, தரையில் ஓடும் குழாயோ தெரிந்தால் ஐயமே இல்லை. மற்றவை குறிப்புகள்தான், முடிவான சான்றுகள் அல்ல. அவற்றை வீட்டில் உள்ள முதியவர்களிடம் கேட்டு உறுதிசெய்வது நல்லது.

முடிவுரை

ஒளியின் மெதுவேகம், குமிழ், கயிறு, சுருள்வில், மின்சுற்று என்று வழிகள் மாறினாலும் தேவை ஒன்றுதான். அங்கே இருந்தவர், இருந்தவராகத் தெரிய வேண்டும். இன்று எல்லார் கைப்பேசியிலும் செல்ஃப் டைமர் உண்டு. இருந்தும் கல்யாண வீட்டிலும் பள்ளி விழாவிலும் ஒருவரே தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பதையும், கடைசிவரை அவரை யாரும் கூப்பிடாததையும் பார்க்கிறோம். கைப்பேசியைச் சுவரில் சாய்த்துப் பத்து நொடியை அமைத்து, அவரையும் வரிசைக்கு அழைத்தால் போதும்.

வீட்டில் பழைய படங்கள் இருந்தால் அவற்றின் பின்புறம் மெல்லிய பென்சிலால் நாளையும் இடத்தையும் நிற்பவர்களின் பெயர்களையும் எழுதிவையுங்கள். கடைசியில் ஒரு வரி, எடுத்தவரின் பெயருக்கு. அதைச் சொல்லக்கூடியவர்கள் உடன் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.